வெள்ளைச் சட்டையில் ஒரு முடி

சட்டைத் தொழிற்சாலையில் அவளுக்குக் கழுகக்கா என்று பெயர். வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. பதினோரு வருடங்களாகக் கடைசிச் செக்கிங் மேசையில் நின்றவள். தைத்து, அயர்ன் போட்டு, பாலித்தீன் பைக்குள் போகவிருக்கும் சட்டையைக் கடைசியாகத் தொட்டுப் பார்க்கும் கை அவளுடையது. காலரின் இரண்டு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பாள். பட்டன் பட்டியை விரலால் ஓர் இழுப்பு இழுப்பாள். சட்டைக் கையின் பட்டையைத் திருப்பி உள்தையலைப் பார்ப்பாள். பிறகு சட்டையை ஒரு தரம் உதறி டியூப்லைட்டுக்கு நேரே பிடிப்பாள். குறை தெரிந்த இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் விழும். சட்டை வந்த வழியே திரும்பிப் போகும்.

தையல் வரிசையில் இருக்கிறவர்களுக்கு அந்தச் சிவப்பு அம்பு என்றால் குலைநடுக்கம். "கழுகு பாத்துடுச்சா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். ஒருமுறை ஒரு லாட் சட்டைகள் முழுவதிலும் இடது பாக்கெட் மூன்று மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்றாள். மேனேஜர் சிரித்தார். பிறகு டேப்பை எடுத்து அளந்தார். அதன்பிறகு அவள் சொன்ன எதற்கும் அவர் டேப்பை எடுத்ததில்லை.

அவளுடைய தலைமுடியும் அங்கே பேர்போனதுதான். பின்னல் ஒரு கைப்பிடிக்குள் அடங்காது. மேசைக்காரர்கள் எல்லாரும் போட்டே ஆகவேண்டிய வெள்ளை வலைத்தொப்பிக்குள் அந்தக் கொண்டையைத் திணிக்க தினமும் காலையில் ஒரு மல்யுத்தம் நடக்கும். "உனக்குத் தொப்பி பத்தாதுடி, தலகாணி உறை கேட்டு வாங்கு" என்பாள் பக்கத்து மேசைக்காரி. கழுத்தில் எந்நேரமும் அளவு டேப் தொங்குவதால் இந்தப் பக்கத்து மேசைக்காரியை எல்லாரும் டேப்பு என்றுதான் கூப்பிடுவார்கள்.

கழுகக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசாத மனிதர். காலையில் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனால் மாலை ஆறு மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும். சண்டை, சச்சரவு, குடி, கூத்து எதுவும் கிடையாது. பதினாறு வருடக் குடும்பம். பத்தாவது படிக்கும் ஒரே மகள்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் எட்டு மாடிக் கட்டிடம் ஒன்றில் லிஃப்டைச் சரிசெய்துவிட்டு, பையை வாட்ச்மேனிடம் கொடுத்து, "கொஞ்சம் பாத்துக்கங்க, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான்கு நாள் வரவில்லை.

போன் அணைந்து கிடந்தது. அவர் வேலை செய்த கட்டிடங்களுக்கெல்லாம் அவள் போய் விசாரித்தாள். இரண்டாம் நாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். எழுதிக்கொண்டவர் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"வீட்டுல சண்டையா?"

"இல்ல சார்."

"கடன், கிடன்?"

"இல்ல சார்."

"வேற யாராவது…?"

"இல்ல சார்."

அப்போதுதான் அவர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். 'உனக்குத்தான் எதுவும் தெரியவில்லை, பாவம்' என்று சொல்கிற பார்வை. அந்தப் பார்வையை அவளால் பிறகு எவ்வளவு முயன்றும் மறக்க முடியவில்லை. மூன்று மில்லிமீட்டரைக் கண்டுபிடித்த கண், பக்கத்தில் படுத்திருந்த மனிதரிடம் எதைக் கோட்டைவிட்டது?

ஐந்தாம் நாள் காலை எட்டு மணிக்கு அவர் வந்தார். முகம் வெயிலில் கறுத்துப்போயிருந்தது. போட்டுக்கொண்டு போன அதே சட்டை. வாசலில் நின்ற மனைவியையும் மகளையும் பார்த்து, "பல் தேய்க்கணும்" என்றார். உள்ளே போய் வெகுநேரம் பல் தேய்த்தார். பிறகு படுத்துத் தூங்கிவிட்டார்.

முதல் நாளிலிருந்தே துணைக்கு வந்து தங்கியிருந்த நாத்தனார், அவருடைய அக்கா, அவளைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"இங்க பாரு. எங்க போனீங்க, ஏன் போனீங்கன்னு வாயைத் தொறந்து கேட்டுடாதே."

"கேக்காம எப்படி அண்ணி இருக்கறது?"

"எங்க சித்தப்பா ஒருத்தர் இப்படித்தான் போயிட்டு வந்தாரு. வந்த மனுஷனை ஆளாளுக்குப் புடிச்சுக் கொடைஞ்சாங்க. ஒரு மாசம் கழிச்சு மறுபடி போனாரு. அவ்வளவுதான், இன்னைக்கு வரைக்கும் ஆளைக் காணோம். நீ கேக்கணும்னா தாராளமா கேளு. அப்புறம் எனக்குப் போன் பண்ணி அழாதே."

அவள் வாயை மூடிக்கொண்டாள். உடம்பு சரியில்லாத உறவுக்காரர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தார் என்று அக்கம்பக்கத்துக்குச் சொல்லியாயிற்று. விஷயம் காதும் காதும் வைத்தாற்போல முடிந்துவிட்டது. வாட்ச்மேனிடமிருந்து கருவிப் பை திரும்பி வந்தது. அடுத்த திங்கட்கிழமை அவர் வேலைக்குப் போனார். ஆறு மணிக்கு வந்தார். எல்லாருக்கும் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது.

அவளுக்கு மட்டும் ஆகவில்லை. அவர் குப்பையைக் கொட்டக் கீழே இறங்கினால் அவள் ஜன்னலுக்கு ஓடினாள். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றுபோனால் கதவருகே போய்க் காதை வைத்தாள். தொழிற்சாலையில் பதினோரு மணி டீக்கும், ஒரு மணிச் சாப்பாட்டுக்கும், நான்கு மணி டீக்கும் கழிவறைப் பக்கம் போய் நின்று போன் போட்டாள். எடுத்ததும் என்ன கேட்பது? எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்கக் கூடாது. அதனால் மூன்று வேளையும் ஒரே கேள்விதான்.

"சாப்ட்டீங்களா?"

"மணி பதினொண்ணு ஆவுது. இப்ப என்னத்தச் சாப்பிடறது?" என்று அவர் ஒருநாள் சிரித்தார். அவளும் சிரித்துவிட்டுப் போனை வைத்தாள். ஒரு மணிக்கு மறுபடி போட்டாள்.

இரண்டரை மாதம் இப்படியே போனது. உடம்புக்கு எதுவும் வரவில்லை. பார்க்கிறவர்கள் நன்றாக இருக்கிறாய் என்றே சொன்னார்கள். ஒருநாள் காலை தலை வாரும்போது சீப்பு வழக்கத்தைவிட லேசாக ஓடியது. பார்த்தால் பற்களுக்கிடையே ஒரு கொத்து. சரி, பருவம் மாறுகிறது என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் குளித்துவிட்டுப் பார்த்தபோது தண்ணீர் வடியாமல் கணுக்காலளவு நின்றது. குனிந்து துவாரத்தில் கைவிட்டாள். ஈரமாக, கனமாக, செத்த எலி மாதிரி ஒன்று கையில் வந்தது. அத்தனையும் முடி.

அதன்பிறகு எங்கே பார்த்தாலும் முடி. தலையணையில், பாயில், ஈரத்துண்டில், சாப்பாட்டுத் தட்டில். தண்ணீரைக் குறை சொன்னாள். ஷாம்பூவை மாற்றினாள். தொழிற்சாலையில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருத்தி வெங்காயச் சாறு என்றாள், இன்னொருத்தி முட்டை வெள்ளைக்கரு என்றாள். இரண்டையும் கலந்து தேய்த்துக்கொண்டு வந்த அன்று அயர்னிங் பிரிவில் யாரோ, "இன்னைக்கு கேன்டீன்ல ஆம்லெட்டா?" என்று கேட்டார்கள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும்தான்.

வகிடு அகலமாகிக்கொண்டே போனது. நெற்றியோரம் தோல் தெரிந்தது. வலைத்தொப்பிக்குள் கொண்டை இப்போது சண்டையில்லாமல் அடங்கியது. டேப்புதான் அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரித் தோல் பிரிவுக்குப் போனாள்.

அங்கே இருந்த டாக்டருக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. "இவரு என்னத்தடி நமக்கு வளத்துவிடப் போறாரு" என்று டேப்பு காதைக் கடித்தாள். முதல் தடவை ரத்தம் எடுக்க எழுதிக் கொடுத்தார். இரண்டாம் தடவை ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அவள் தலையில் ஒரு சின்னக் கற்றையை விரல்களுக்கிடையே பிடித்து மெல்ல இழுத்தார். வந்ததை வெள்ளைக் காகிதத்தில் வைத்து எண்ணினார். பதினான்கு.

"ரத்தத்துல ஒரு குறையும் இல்ல. தைராய்டு சரியா இருக்கு, இரும்புச்சத்து சரியா இருக்கு" என்றார். "உடம்புக்கோ மனசுக்கோ பெரிய அடி ஒண்ணு விழுந்தா முடி அன்னைக்கே கொட்டாதும்மா. வேரு தூங்கப் போயிடும். ரெண்டு மூணு மாசம் கழிச்சுத்தான் கொத்துக் கொத்தாக் கழண்டு வரும். அதனால கேக்கறேன். மூணு மாசத்துக்கு முன்னாடி ஏதாவது நடந்துச்சா? காய்ச்சல், ஆபரேஷன், வீட்டுல சாவு, பெரிய பயம், அந்த மாதிரி?"

அவள் மனசுக்குள் நாள்காட்டி தானாகப் புரண்டது. அந்தச் செவ்வாய்க்கிழமையில் போய் நின்றது. பக்கத்தில் டேப்பு உட்கார்ந்திருந்தாள். உறவுக்காரரைப் பார்க்கப் போன கதையை நம்பியிருப்பவள். அவள் இல்லாவிட்டாலும்தான் என்ன சொல்வது? வீட்டுக்காரர் வரவில்லை என்றால் அதைச் சொல்ல வார்த்தை இருக்கிறது. வந்துவிட்டார், ஆறு மணிக்கு வருகிறார், சாப்பிடுகிறார், மகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார் என்பதை எப்படி ஒரு நோயாகச் சொல்வது?

"ஒண்ணும் நடக்கல டாக்டர்" என்றாள்.

"அப்பச் சரி. பெரும்பாலும் காரணம் போயிட்டா ஆறு மாசத்துல தானா வளந்துடும். கவலைப்படாம இருங்க. அதுதான் முக்கியமான மருந்து."

"அது எந்தக் கடையில கெடைக்கும் டாக்டர்?" என்று டேப்பு கேட்டாள். டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

கவலைப்படக் கூடாது என்று தெரிந்த நாளிலிருந்து அவளுக்குக் கவலை இரண்டாகிவிட்டது. அவர் எங்கே போய்விடுவாரோ என்பது ஒன்று. அப்படி நினைப்பதால் முடி கொட்டுகிறதே என்பது இன்னொன்று. நினைக்காமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றாள். கண்ணைத் திறக்காமல் தூங்குவது போல் பாவனை செய்கிற குழந்தைக்குத் தூக்கம் வருமா? அந்தக் கதைதான்.

நடுவில் ஒரு வாரம் கொட்டுவது குறைந்த மாதிரி இருந்தது. தலையணை சுத்தமாக இருந்தது. குளியலறைத் துவாரத்திலும் ஒன்றுமில்லை. அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை வழக்கத்துக்கு முன்னால் விழிப்பு வந்து எழுந்து போனபோது, மகள் குளியலறைத் தரையில் மண்டிபோட்டு உட்கார்ந்து துவாரத்திலிருந்து முடியைப் பழைய டூத்பிரஷ்ஷால் இழுத்து ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்றே?"

மகள் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். "அடைச்சுக்கிச்சும்மா. அதான்."

"எத்தனை நாளா இந்த வேலை?"

மகள் எழுந்து டூத்பிரஷ்ஷைக் கழுவினாள். தலையணை உறையையும் அவள்தான் காலையில் தட்டிப் போட்டிருக்கிறாள் என்பது அப்போது புரிந்தது. அம்மா பார்த்தால் பயப்படுவாள், பயந்தால் இன்னும் கொட்டும் என்று டேப்பு ஆன்ட்டி சொன்னாளாம். கழுகக்காவுக்குத் திட்டவும் வரவில்லை, கட்டிக்கொள்ளவும் வரவில்லை. "போய்ப் படிடி. பரீட்சை வருதுல்ல" என்றாள்.

அந்த மாதக் கடைசியில்தான் தொழிற்சாலையில் அது நடந்தது. சட்டையை வாங்குகிற கம்பெனியிலிருந்து ஆய்வாளர் ஒருவர் வந்து, அனுப்பத் தயாராக இருந்த அட்டைப் பெட்டிகளில் நான்கைப் பிரித்துப் பார்த்தார். எல்லாம் வெள்ளைச் சட்டைகள். மூன்றாவது பெட்டியில் ஒரு சட்டையின் காலருக்கு அடியில், மடிப்போடு மடிப்பாக, ஒரு நீள முடி. அவர் அதை இடுக்கியால் எடுத்து ஒரு சின்னப் பைக்குள் போட்டு மேனேஜரிடம் கொடுத்தார். லாட் முழுவதையும் பிரித்து மறுபடி பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார்.

மேனேஜர் செக்கிங் மேசைக்காரர்கள் ஆறு பேரையும் வரிசையாக நிறுத்தினார். கையில் அந்தப் பை.

"தொப்பி எதுக்குக் குடுத்திருக்கு? அழகு பாக்கவா? யாரு முடி இது?"

அவர் எரிச்சலோடு அதைக் கழுகக்காவிடம் நீட்டினார். "இந்தா, கழுகு. உனக்குத் தெரியாததா? நீயே பாத்துச் சொல்லு."

அவள் பையை வாங்கி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தாள். பழக்கதோஷம். டேப்புக்குக் கழுத்துவரை வெட்டிய முடி. அடுத்தவள் சாயம் போட்டவள். அதற்கடுத்தவள் பாதி நரைத்தவள். மற்ற இரண்டு பேரும் சுருட்டை. பார்க்கவே வேண்டியதில்லை. ஒரு முழத்துக்கு மேல் நீளம், கறுப்பு, நுனியில் லேசாக ஒரு நெளிவு, வேர்ப்பக்கம் வெள்ளையாக ஒரு புள்ளி.

"என்னோடது சார்" என்றாள்.

மேனேஜருக்கே என்னவோ போலாகிவிட்டது. மற்றவர்களை அனுப்பிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தொப்பியை இறுக்கிப் போட்டுக்கக் கூடாதாம்மா?"

"ரெண்டு போட்டுக்கிட்டுத்தான் சார் நிக்கறேன்."

அவள் தொப்பியைக் கழற்றிக் காட்டினாள். உள்ளே இன்னொரு தொப்பி இருந்தது. அதையும் கழற்றினாள். கழற்றிய வேகத்தில் நாலைந்து முடி வெள்ளைத் தரையில் விழுந்தது. மேனேஜர் அவள் தலையைப் பார்த்தார். பார்க்காத மாதிரி சுவரைப் பார்த்தார்.

"கொஞ்ச நாளைக்கு வேஸ்ட் ரூமுக்குப் போய் இரும்மா. சரியானதும் வந்துடு. நான் என்ன பண்றது சொல்லு, எனக்கு மேலயும் ஆளு இருக்காங்க."

அவர்மேல் கோபப்பட வழியில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. யார்மேலாவது கோபம் வந்திருந்தால் கொஞ்சம் சுமை இறங்கியிருக்கும்.

வேஸ்ட் ரூம் என்பது வெட்டிய துணியில் மிஞ்சிய துண்டுகளைத் தரம் பிரிக்கிற இடம். பெரியது ஒரு மூட்டை, சின்னது ஒரு மூட்டை. வெள்ளை தனி, கலர் தனி. பஞ்சு பறக்கும் என்பதால் மின்விசிறி போடமாட்டார்கள். அங்கே குறை கண்டுபிடிக்க எதுவும் இல்லை. எல்லாமே குறைதான். இருந்த இன்னொரு பெண்ணுக்குக் காது மந்தம். இரண்டு பேரும் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். ஒரே வசதி, போனைக் கையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் அவள் எந்நேரமும் தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டிருந்தாள். பஞ்சு படுகிறது என்று கணவரிடம் சொல்லியிருந்தாள். அவரும் ம் என்றிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மகள் சிநேகிதி வீட்டுக்குப் படிக்கப் போயிருந்தாள். அவள் தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, அவர் பின்னால் வந்து, "தோள்ல நூலு ஒட்டியிருக்கு பாரு" என்று தட்டிவிட்டார். துணி அவிழ்ந்து நழுவியது. அவர் கை அப்படியே நின்றது.

"என்ன ஆச்சு உனக்கு?" என்றார்.

எட்டு மாதமாக அடைத்துவைத்திருந்தது அந்த ஒரு கேள்வியில் உடைந்தது. நாத்தனார் சொன்னதெல்லாம் எங்கே போனதோ.

"எனக்கு என்ன ஆச்சுன்னா கேக்கறீங்க? நீங்க போனீங்கல்ல. அதான் ஆச்சு."

அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார். எழுந்து போய்விடுவாரோ என்று அவள் பயந்தாள். கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

"லிஃப்டை ஓட்டிப் பாத்தேன். நல்லா ஓடுச்சு" என்று அவர் ஆரம்பித்தார். "கீழ வந்து பையைத் தூக்கப் போனேன். தூக்க முடியல. கனமா இருந்துச்சுன்னு இல்ல. தூக்கணும்னு தோணல. வெளிய வந்தேன், பஸ் நின்னுச்சு, ஏறிட்டேன். கடைசி ஸ்டாப்புல எறக்கி விட்டாங்க. அங்கேருந்து இன்னொண்ணு. ஒரு ஆத்துப் பாலம் பக்கத்துல டீக்கடை இருந்துச்சு. அங்கதான் ரெண்டு நாள் உக்காந்திருந்தேன். கடைக்காரர் ஒண்ணுமே கேக்கல."

"எங்களை நெனச்சீங்களா?"

"நெனச்சேன்."

"நெனச்சு?"

"நெனச்சேன், அவ்வளவுதான். வேற யாரோ வீட்டு ஆளுங்களை நெனைக்கிற மாதிரி இருந்துச்சு. அப்புறம் ஒருநாள் காலையில எந்திரிச்சப்ப அப்படி இல்ல. வந்துட்டேன்."

அவள் துணியை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டாள்.

"மறுபடி அப்படித் தோணுமா?"

"தெரியல."

"தோணாதுன்னு சொல்லுங்க."

"தோணாது."

"நான் சொல்லச் சொன்னதால சொல்றீங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "ஆமா" என்றார்.

மனசைத் திறந்து பேசிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அவளும் அப்படித்தான் நம்பியிருந்தாள். பேசியாயிற்று. அவர் எங்கே போனார் என்பது தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்த விஷயத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடிகூட இல்லை. ஒரு சண்டை காரணம் என்றால் சண்டை போடாமல் இருக்கலாம். ஒரு பெண் காரணம் என்றால் அவள் வீட்டு வாசலில் போய்க் கத்தலாம். தூக்கணும்னு தோணல என்பதை யாரிடம் போய்க் கத்துவது?

அவளே அவரை மனநல டாக்டரிடம் அழைத்துப் போனாள். அவர் மறுப்பு சொல்லாமல் வந்தார், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். கொடுத்த மாத்திரை பகலில் தூக்கம் கொண்டுவந்தது. அரைத்தூக்கத்தில் லிஃப்ட் கூண்டின்மேல் ஏறி நின்று வேலை பார்க்கிற ஆள் அவர். டாக்டர் மாத்திரையை மாற்றினார். அதற்கும் கண் சொக்கியது. மூன்றாம் தடவைக்குப் பிறகு அவர் போவதை நிறுத்திக்கொண்டார். "நல்லாத்தானே இருக்கேன்" என்றார். நன்றாகத்தான் இருந்தார். போன அன்று காலையிலும் நன்றாகத்தான் இருந்தார்.

தன் முடியை அவள் ஒருநாள் ஒட்ட வெட்டிக்கொண்டாள். வெட்டிய பெண், "தானமாக் குடுக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டு, கையில் எடுத்துப் பார்த்து, இது போதாது என்று தானே கூட்டித் தள்ளிவிட்டாள். நீளம் போனதால் தரையில் விழுவது கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. அந்த மட்டில் நிம்மதி.

அவர் போய் வந்து மூன்று வருடமாகிவிட்டது, இப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. உச்சியில் கொஞ்சம் முளைத்திருக்கிறது, மெல்லிசாக, குழந்தை முடி போல. நெற்றியோரம் முளைக்கவே இல்லை. மொட்டை டாக்டர் போட்டோ எடுத்துப் பழைய போட்டோவோடு வைத்துக் காட்டி, தேறிவருகிறது என்கிறார். மறுமாதம் பார்த்தால் சீப்பில் மறுபடி ஒரு கொத்து வருகிறது. எதனால் நிற்கிறது, எதனால் கொட்டுகிறது என்று அவரும் சொல்வதில்லை, அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

போன வருடம் மேனேஜர் வேஸ்ட் ரூமுக்கே வந்து கூப்பிட்டார். சட்டைகள் நிறையத் திரும்பி வருகின்றனவாம்.

"முடியெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லம்மா. இப்ப காதுவரைக்கும் மூடற தொப்பி வந்திருக்கு. மேசைக்கு வந்துடு."

"இல்ல சார். அங்க நின்னா என் கண்ணு சட்டையில நிக்காது" என்றாள். "ஒருநாள் நின்னு பாத்தேன், நீங்க லீவுல இருந்தப்ப. டேப்புக்குப் பதிலா. காலர் கோணின ரெண்டு சட்டை என் கையைத் தாண்டிப் போயிடுச்சு. அவ திரும்பி வந்துதான் புடிச்சா."

மேனேஜர் மூட்டைகளை ஒருமுறை பார்த்தார். சரி என்று போய்விட்டார்.

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குக் கணவர் வரவில்லை. ஆறரைக்கும் வரவில்லை. போன் அணைந்து கிடந்தது. அவள் சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தாள். பிறகு வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். கல்லூரிக்குப் போகிற வயதாகிவிட்ட மகள் வந்து ஒட்டி உட்கார்ந்தாள். மேல்வீட்டுக்காரர்கள் இறங்கிப் போக வழிவிட்டு ஒதுங்கினார்கள். "யாருக்காவது காத்திருக்கீங்களா?" என்று ஒருவர் கேட்டார். "காத்தாட உக்காந்திருக்கோம்" என்று மகள் சொன்னாள்.

எட்டு மணிக்கு அவர் வந்தார். ஒரு கட்டிடத்தில் லிஃப்ட் நடுவில் நின்று உள்ளே மூன்று பேர் மாட்டிக்கொண்டார்களாம். வெளியே எடுக்க இவ்வளவு நேரமாயிற்றாம். போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டதாம். உள்ளே இருந்தவர்களில் ஒரு வயதான அம்மா பயத்தில் அழுதுகொண்டே இருந்தாராம். இவர் கூண்டின் மேலிருந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தாராம். அவர் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி அவள் கேட்டு வெகுநாளாயிற்று.

"பசிக்குது" என்றார்.

அவள் எழுந்து உள்ளே போனாள். அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். இரண்டு தீக்குச்சி உரசி இரண்டும் அணைந்தன. மகள் தீப்பெட்டியை வாங்கி மூன்றாவதைப் பற்றவைத்தாள்.